நினைப்பும் பேச்சும் நம்பிக்கையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில், முருகன் கோயில் உள்ள தண்ணீர்மலை அடிவாரத்தை ஒட்டிய பகுதியில் வாரந்தோறும் நடக்கும் திருமுறை வகுப்பில் நான் பாடம் எடுக்கிறேன். பாடம் முடிந்து பாய்களைச் சுருட்டும் நேரத்தில் என்னிடம் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை பாடலின் பொருளைப் பற்றியவையாக இருப்பதில்லை. மனத்தில் நினைப்பது நடக்குமா, வேண்டுதலுக்கும் கற்பனைக்கும் என்ன வேறுபாடு, உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே நன்றாகப் பேசிவிட முடியுமா என்பன போன்ற ஐயங்களே திரும்பத் திரும்ப எழுகின்றன. கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளையும், என்னால் பொறுப்புடன் சொல்லக்கூடிய பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். பிந்திய பதில்கள் முந்தியவற்றைச் சார்ந்திருப்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

1. நினைச்சது நடக்கும்னு எல்லாரும் சொல்றாங்களே டீச்சர், அது உண்மையா?

ஒருவருடைய நினைப்பு நேராகச் சென்று வெளியுலகை மாற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். நினைப்பு முதலில் நினைப்பவரை மாற்றுகிறது. மாறிய அவருடைய முகமும் குரலும் செயலும் எதிரில் இருப்பவரைத் தொடுகின்றன. அவர் நடந்துகொள்ளும் விதம் மாறும்போது விளைவும் மாறுகிறது. இந்த வழி நீளமானது, நடுவில் பல இடங்களில் அறுந்துபோகக் கூடியது. எந்தெந்த இடத்தில் அறுகிறது என்று தெரிந்துகொள்வதற்காகவே இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

"எண்ணிய எண்ணியாங்கு எய்துப" என்ற குறளை மேடைகளில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். பேசுபவர் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுவார். குறள் அங்கே நிற்கவில்லை. "எண்ணியார் திண்ணியர் ஆகப் பெறின்" என்று ஒரு நிபந்தனையோடு முடிகிறது. 666-ஆம் குறளான இது இடம்பெற்றிருப்பதும் வினைத்திட்பம் என்ற அதிகாரத்தில்தான். செயலில் உறுதியாக நிற்பவருடைய எண்ணத்தைப் பற்றித்தான் வள்ளுவர் பேசுகிறார் என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

2. மனசுல என்ன இருந்தாலும் நான் வெளியே காட்டிக்கிறதே இல்ல. அப்புறம் எப்படி அது என் பேச்சைக் கெடுக்கும்?

காட்டிக்கொள்ளவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 1977-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மார்க் ஸ்னைடரும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் செய்த ஒரு சோதனை இதற்கு நல்ல விளக்கம். முன்பின் அறியாத ஆணும் பெண்ணும் தொலைபேசியில் பத்து நிமிடம் பேச வேண்டும். ஆணின் கையில் மட்டும் ஒரு பெண்ணின் புகைப்படத்தைக் கொடுத்து, நீங்கள் பேசப்போவது இவரோடுதான் என்றார்கள். உண்மையில் அந்தப் படம் எதிர்முனையில் இருந்தவருடையது இல்லை. சிலருக்கு அழகான முகமுள்ள படம் கிடைத்தது, சிலருக்கு அப்படி இல்லாத படம். பிறகு பெண்களின் குரலை மட்டும் தனியே பிரித்து, படத்தைப் பற்றி எதுவும் அறியாதவர்களைக் கேட்கச் செய்தார்கள். அழகானவர் என்று எதிர்முனையில் இருந்தவர் நம்பிய பெண்கள், மற்ற பெண்களைவிடக் கலகலப்பாகவும் அன்பாகவும் பேசியதாகக் கேட்டவர்கள் மதிப்பிட்டார்கள்.

அந்தப் பெண்களுக்குப் படத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆணின் மனத்தில் இருந்த உருவம் அவருடைய குரலில் ஏறி, கம்பி வழியே போய், எதிர்முனையில் இருந்தவரை அந்த உருவத்துக்கு ஏற்றபடி பேச வைத்திருக்கிறது. முகம் தெரியாத தொலைபேசியிலேயே இப்படியென்றால், ஒரே வீட்டில் ஒரே மேசையில் சாப்பிடுகிறவர்களிடம் நம் உள்ளத்தை மறைத்துவிடலாம் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

3. அப்ப எதிர்ல இருக்கிறவங்க நல்லவங்கன்னு கற்பனை பண்ணிக்கிட்டா போதுமா? அது நம்மள நாமே ஏமாத்திக்கிறது இல்லையா?

வலிந்து செய்யும் கற்பனை ஏமாற்றுதான், அது நெடுநேரம் தாங்கவும் செய்யாது. நான் சொல்வது வேறு. நம் மனத்தில் ஏற்கெனவே ஒரு கற்பனை ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் கற்பனை என்று அறியாமலேயே உண்மை என்று நம்பிக்கொண்டிருக்கிறோம். முதல் வேலை அதைப் பிடித்து நிறுத்திப் பார்ப்பது.

எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு தாய், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்ட் வேலை செய்கிறார். மகன் படிவம் ஐந்தில் படிக்கிறான். காலையில் தொழிற்சாலைப் பேருந்தில் வீடு திரும்பும்போதே அவர் மனத்தில் ஒரு வாக்குவாதம் தொடங்கிவிடும்: இரவெல்லாம் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பான், புத்தகத்தைத் தொட்டிருக்கமாட்டான், கேட்டால் பொய் சொல்வான். அடுக்குமாடியின் லிப்ட் அவருடைய மாடியை எட்டுவதற்குள் மகனுடைய பதில்களையும் தம்முடைய மறுமொழிகளையும் அவரே பேசி முடித்திருப்பார். இரும்புக் கதவைத் திறந்து உள்ளே போனதும் வாயிலிருந்து வருவது என்னவோ "சாப்பிட்டியா?" என்ற ஒரு சொல்தான். மகன் சொல்லும் பதில், "நான் ஒன்னும் பண்ணலையே!" கேட்ட கேள்விக்கு அது பதிலில்லை. கேட்காத கேள்விக்கு மிகச் சரியான பதில்.

அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: பேருந்தில் மகனைப் பற்றிய நினைப்பு வரும்போது, ஊகித்ததை ஒதுக்கி, கண்ணால் கண்ட ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்குள் போனதும், பதில் உங்களுக்கே தெரியாத ஒரு கேள்வியைக் கேளுங்கள். முந்தின நாள் பள்ளிச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு வைத்திருந்தான் என்பது அவர் கண்டது. கணக்குப் பாடத்தில் இப்போது எந்த அத்தியாயம் நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாதது. மகன் ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை. ஆனாலும் கணக்கில் வெகுவாகப் பின்தங்கியிருப்பதை அவனாகவே வாய்விட்டுச் சொன்னான், டியூஷனுக்கு ஏற்பாடு செய்ய அது போதுமாக இருந்தது.

4. முக்கியமான பேச்சுக்கு முன்னாடி மனசுக்குள்ள ஒத்திகை பார்க்கிறேன். அது நல்லதா, கெட்டதா?

ஒத்திகை பார்க்காத மனிதர் இல்லை. அமெரிக்கத் தொடர்பியல் அறிஞர் ஜேம்ஸ் ஹனிகட் இந்தக் கற்பனை உரையாடல்களையே 1980-களிலிருந்து தம் ஆய்வுத் துறையாகக் கொண்டவர். பேச்சுக்குத் தயாராவது, மனக்குமுறலை ஆற்றிக்கொள்வது, தொலைவில் இருப்பவரோடு உறவைத் தக்கவைத்துக்கொள்வது, பழைய சண்டையை அணையாமல் வைத்திருப்பது என்று இவற்றுக்குப் பல பயன்கள் உண்டு என்று அவரும் உடன் ஆய்ந்தவர்களும் வகைப்படுத்தினார்கள். இந்த உரையாடல்களில் பெரும்பாலும் நாமே அதிகம் பேசுகிறோம், எதிராளிக்குக் குறைவான வாய்ப்பே தருகிறோம் என்பதும் அவர்கள் கண்டது.

உங்கள் ஒத்திகை எந்த வகை என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. அதில் எதிராளி எப்போதாவது நியாயமான ஒன்றைச் சொல்கிறாரா? ஒவ்வொரு முறையும் நீங்களே வென்று, அவரே வாயடைத்துப் போகிறார் என்றால் நீங்கள் பேசப் பழகவில்லை, சண்டையைப் பழகுகிறீர்கள். அவர் பக்கத்துக்கும் ஒரு நல்ல வாதத்தை நீங்களே தேடிக் கொடுத்துவிட்டு அதற்கு என்ன சொல்வீர்கள் என்று யோசித்தால், அந்த ஒத்திகையால் பயன் உண்டு. இதற்கு நேர்மை வேண்டும். மனத்துக்குள்கூட எதிராளிக்கு நியாயம் செய்ய முடியாதவர், நேரில் செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது.

5. நான் தெளிவாத்தான் சொன்னேன். அவருக்குத்தான் புரியல. இதுல என் மனசுக்கு என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் உண்டு. 1990-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி, எல்லோருக்கும் தெரிந்த பாடல்களின் தாளத்தை மேசையில் விரலால் தட்டிக் காட்டச் சொன்னார். எதிரில் இருப்பவர் அது எந்தப் பாடல் என்று கண்டுபிடிக்க வேண்டும். தட்டியவர்கள், பாதிப் பாடல்களையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கணித்தார்கள். தட்டிக் காட்டிய 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை 3 மட்டுமே.

தட்டுகிறவரின் காதுக்குள் பாட்டு முழுவதும், சொல்லும் இசையுமாக, ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவருக்குக் கிடைப்பது டொக் டொக் என்ற ஓசைதான். வீட்டில் "நான் சொன்னேனே" என்று தொடங்கும் சண்டைகளில் பாதி இதுதான். நீங்கள் உள்ளே முழுமையாகப் பார்த்ததில் எவ்வளவு வெளியே வந்தது என்று உங்களால் அளக்க முடியாது, அதை எதிராளியால்தான் சொல்ல முடியும். "நான் என்ன சொல்ல வந்தேன்னு உங்களுக்குத் தோணுது?" என்று அமைதியாகக் கேட்டுவிடுங்கள்.

6. புலனத்துல (வாட்ஸ்அப்ல) 'சரி'ன்னு ஒரே வார்த்தை அனுப்புறாங்க. அது கோபமா இல்லையான்னு நாள் பூரா யோசிக்கிறேன்.

எழுத்துக்குக் குரல் கிடையாது. அந்தச் 'சரி'யை நீங்கள் படிக்கும்போது அதற்குக் குரல் கொடுப்பது உங்கள் மனமே. அன்று காலை அவரைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்களோ அந்தக் குரலில்தான் அது கேட்கும். மனத்தாங்கல் ஏற்படக்கூடிய எந்த விஷயத்தையும் புலனத்தில் எழுதாதீர்கள், அழைத்துப் பேசுங்கள்.

7. படிவம் ஐந்து முடிவுல எழுதுற எஸ்பிஎம் தேர்வுல எல்லாப் பாடத்துலயும் 'ஏ' வாங்குற மாதிரி தினமும் கண்ணை மூடிக் கற்பனை பண்ணச் சொன்னாங்க ஒரு முகாம்ல. செய்யலாமா?

செய்வதாக இருந்தால் வேறு விதமாகச் செய்யுங்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் லியன் ஃபாம், ஷெல்லி டெய்லர் என்ற இருவர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இதையே சோதித்தது. தேர்வுக்கு முந்திய நாட்களில் ஒரு குழு மாணவர்கள் உயர்ந்த மதிப்பெண் பெற்று மகிழ்வதாகத் தினமும் கற்பனை செய்தார்கள். இன்னொரு குழு, எந்த இடத்தில் அமர்ந்து, எதைத் திறந்து, எப்படிப் படிக்கிறோம் என்பதைக் கற்பனை செய்தது. இரண்டாம் குழுவே முன்கூட்டிப் படிக்கத் தொடங்கியது, அதிக நேரம் படித்தது, அதிக மதிப்பெண்ணும் பெற்றது.

ஜெர்மனியில் கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் வேலை தேடும் பட்டதாரிகளைப் பின்தொடர்ந்தபோது, வேலை கிடைத்துவிட்டதாக இனிய கனவுகளில் அடிக்கடி மூழ்கியவர்களுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்துக் குறைவான வேலை வாய்ப்புகளும் குறைவான சம்பளமுமே வாய்த்திருந்தன. ஆனால் எனக்கு வேலை கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு வலுவாக இருந்தவர்கள் நன்றாகவே செய்திருந்தார்கள். இரண்டும் ஒன்று போலத் தோன்றினாலும், எதிர்பார்ப்பு தன் முயற்சியையும் தன் பழைய அனுபவத்தையும் பார்த்து வருவது. கனவு அவற்றைத் தாண்டி நேராகப் பரிசு மேடைக்குப் போய்விடுவது. பரிசை மனத்தளவில் அடைந்துவிட்ட ஒருவருக்கு எழுந்து உழைக்கும் வேகம் குறைகிறது என்பதே ஓட்டிங்கன் தரும் விளக்கம். மாணவர்களே, கண்ணை மூடினால் சான்றிதழைப் பார்க்காதீர்கள். வரலாற்றுப் பாடநூலைத் திறக்கும் உங்கள் கையைப் பாருங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களும் அறைக்குள் நுழைவதையும் வணக்கம் சொல்வதையும் முதல் கேள்விக்கு மலாய் மொழியில் பதில் சொல்வதையும் நினைத்துப் பார்க்கட்டும், நியமனக் கடிதத்தை வேண்டாம்.

8. அப்படின்னா சாமி கும்பிடும்போது நடக்கணும்னு நினைக்கிறதும் அதே கற்பனைதானே? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இந்தக் கேள்விக்காகவே மற்றக் கேள்விகளைச் சேர்த்தேன் என்றுகூடச் சொல்லலாம். சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிய பெரிய புராணத்தில், கற்பனையையே தொண்டாகச் செய்த ஓர் அடியார் வருகிறார். திருநின்றவூர்ப் பூசலார் சிவபெருமானுக்குக் கோயில் கட்ட விரும்பினார். எங்கெங்கோ தேடியும் பொருள் கிடைக்கவில்லை. பிறகு மனத்திலேயே கட்டுவதென்று முடிவு செய்தார். எடுத்த எடுப்பில் கோபுரத்தை நினைத்துவிடவில்லை. மனத்திலே பொருளையும் பணியாளரையும் சேர்த்தார், நல்ல நாள் பார்த்து அடிநிலை இட்டார், இரவிலும் உறங்காமல் படிப்படியாக எழுப்பினார், சிகரத்தில் தூபி நட்டார், கிணறும் மதிலும் திருக்குளமும் அமைத்தார், குடமுழுக்குக்கு நாள் குறித்தார்.

அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தான் எழுப்பிய கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். அது கைலாசநாதர் கோயில் என்று கருதப்படுகிறது. முந்தைய இரவு இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நின்றவூர்ப் பூசல் கட்டிய கோயிலுக்கு நாளை நாம் போகிறோம், உன் விழாவை வேறொரு நாளுக்குத் தள்ளி வை என்றான். மன்னன் நின்றவூருக்கு வந்து கேட்டால், அப்படி ஒரு கோயிலே இங்கில்லை என்றார்கள் ஊரார். பூசலாரை அழைத்துக் கேட்டபோது அவரே திகைத்துப் போனார். தம்மையும் ஒரு பொருட்டாக இறைவன் எண்ணினானே என்று உருகினார். இன்று அவ்வூரில் இருதயாலீஸ்வரர் கோயில் இருக்கிறது.

வகுப்பில் நான் கேட்பது: பூசலார் எதைக் கற்பனை செய்யவில்லை? மன்னன் தேடி வருவதை அவர் கற்பனை செய்யவில்லை. கைக்குப் பொருள் வந்து சேர்வதை நினைத்துக்கொண்டு உட்காரவில்லை. புகழையோ வரத்தையோ அவர் மனம் கட்டவில்லை. தாம் செய்ய வேண்டிய வேலையை மட்டும் கல் கல்லாகக் கட்டினார், பலனை நினைக்கவே இல்லை; அதனால்தான் மன்னன் வந்தபோது திகைத்தார். ஏழாம் பதிலில் கண்ட இரண்டாம் குழு மாணவர்கள் செய்ததும் இதன் ஒரு சிறு பகுதியே. கற்பனைக்குத் தன் பங்கை முழுமையாகக் கொடுத்துவிட்டு முடிவை இறைவனிடம் விடுவது வேண்டுதல். முடிவைத் தானே தீர்மானித்துவிட்டு அதை நிறைவேற்றித் தருமாறு இறைவனை நெருக்குவதற்கு வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம். நான் அதை வேண்டுதல் என்று சொல்லமாட்டேன்.

9. நேர்த்திக்கடன் வச்சுப் பால்குடம் எடுத்தேன். ஆனா வீட்டுக்காரரைக் காப்பாத்த முடியல. என் நம்பிக்கைதான் போதலையா, டீச்சர்?

இல்லையம்மா. நம்பிக்கை போதாததால்தான் நடக்கவில்லை என்று உங்களிடம் யார் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரிய பக்தராக இருந்தாலும், அதை ஏற்காதீர்கள். பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு தண்ணீர்மலையின் ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறியவரின் நம்பிக்கையை அளக்க நம்மில் யாருக்கும் உரிமையில்லை. உங்கள் வேண்டுதல் அவர் உயிரைப் பிடித்து வைக்கவில்லை. நோய் அதன் வழியே சென்றது. இவ்விரண்டையும் காரணமும் விளைவுமாக இணைத்து, துயரத்தின் மேல் குற்றவுணர்வையும் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

அடியார்கள் எல்லோரும் கேட்டதை உடனே பெற்றவர்கள் என்று எண்ணவேண்டாம். சுந்தரர் பார்வை இழந்து தலம் தலமாகப் பாடிக்கொண்டு போனார். காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. மறு கண்ணுக்காகத் திருவாரூரில் அவர் பாடிய பதிகத்தில், நாங்கள் இப்படித் துன்பப்பட நீர் மட்டும் நன்றாக வாழ்ந்து போம் என்று இறைவனைப் பார்த்தே சொல்கிறார். அந்தப் பதிகம் ஏழாம் திருமுறையில் இன்றும் நாம் ஓதும் பாடலாக இருக்கிறது. முறையிடுவதையும் கோபித்துக்கொள்வதையும் நம் சமயம் வழிபாட்டுக்கு வெளியே தள்ளவில்லை. நீங்கள் இப்போது இறைவனிடம் பேச விரும்பவில்லையென்றால் அதையும் அவனிடமே சொல்லலாம்.

மற்றவர்களுக்கு ஒரு சொல். துக்க வீட்டில் "இன்னும் நம்பிக்கையா வேண்டியிருக்கலாம்" என்று சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். எதுவும் சொல்லத் தோன்றாவிட்டால் தேநீர் கலந்து கொடுங்கள்.

10. சில நேரம் ரொம்ப மோசமான எண்ணம் வருது, பிள்ளைக்கு ஏதாவது ஆயிடும்ங்கிற மாதிரி. நினைச்சா பலிச்சிடுமோன்னு பயமா இருக்கு.

பலிக்காது. முதல் பதிலில் சொன்ன வழியை நினைத்துப் பாருங்கள்: எண்ணம் வெளியே போக வேண்டுமானால் உங்கள் குரல், முகம், செயல் வழியேதான் போக முடியும். நீங்கள் விரும்பாமல் வந்து, நீங்களே அஞ்சும் ஓர் எண்ணத்துக்கு அந்த வழி இல்லை. அதை விரட்ட முயல்வதுதான் அதைத் தங்க வைக்கிறது. 1987-இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் வெளியிட்ட சோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை; தடையை நீக்கிய பிறகு, முதலிலிருந்தே நினைக்கலாம் என்று விடப்பட்டவர்களைவிட அவர்களே அதிகமாக அதை நினைத்தார்கள். ஆகவே அந்த எண்ணத்தோடு மல்லுக்கட்டாமல், வந்தால் வரட்டும் என்று விட்டு, ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டு கையில் இருக்கும் வேலையைத் தொடருங்கள்.

இவ்வகை எண்ணங்கள் உறக்கத்தைக் கெடுத்தால், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தூண்டினால், அல்லது உயிரை வெறுக்கச் செய்தால், அரசாங்கக் கிளினிக்குக்குப் போய் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதற்கு மருத்துவமும் ஆலோசனையும் உண்டு. மந்திரித்துக் கட்டுவதற்காகக் காலத்தைக் கடத்த வேண்டாம்.

11. ஆஸ்பத்திரியில இருக்கிறவங்களுக்காக நாங்க கூட்டுப் பிரார்த்தனை செய்றோம். அதுக்குப் பலன் இருக்குன்னு ஆராய்ச்சி சொல்லுதா?

பெரிய அளவில் நடந்த ஓர் ஆய்வு அப்படிச் சொல்லவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். 2006-இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் வெளியிட்ட அந்த ஆய்வில், இதய இரத்தக்குழாய் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேர் பங்கேற்றார்கள். பிறர் தமக்காகப் பிரார்த்திக்கிறார்களா என்பது தெரியாத இரு குழுக்களில், பிரார்த்தனை கிடைத்தவர்களுக்கும் கிடைக்காதவர்களுக்கும் சிக்கல்களில் வேறுபாடில்லை. பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தவர்களில் 59 விழுக்காட்டினருக்குச் சிக்கல் ஏற்பட்டது, மற்றவர்களைவிடச் சற்று அதிகமாக. இத்தனை பேர் வேண்டிக்கொள்ளும் அளவுக்கா என் நிலை இருக்கிறது என்ற அச்சம் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்தார்கள்.

இதனால் என் நம்பிக்கை குறையவில்லை. நான் பிரார்த்தனையை மருந்தாக எண்ணிச் செய்வதில்லை. ஆனால் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். நோயாளியின் கட்டிலைச் சுற்றி நின்று உரத்த குரலில் உருக்கமாகப் பாடும் முன், அவருக்கு அது வேண்டுமா என்று கேட்க வேண்டும். பலருக்கு வேண்டியிருப்பது, வழக்கம்போல் ஊர்க்கதை பேசும் ஒரு முகம். கூட்டுப் பிரார்த்தனையைக் கோயிலிலோ வீட்டிலோ வைத்துக்கொண்டு, மருத்துவமனைக்குப் போகும்போது ஆரஞ்சுப் பழத்தோடு போகலாம்.

12. என் கூட்டாளி ஒருத்தர் கிறிஸ்தவர், இன்னொருத்தர் முஸ்லிம். இதெல்லாம் அவங்களுக்கும் பொருந்துமா?

பேச்சைப் பற்றிச் சொன்னவை எல்லோருக்கும் பொருந்தும். வேண்டுதலைப் பற்றி அவரவர் சமயம் சொல்வதை அவர்களிடமே கேட்பது மரியாதை. எனினும் தொழுகைக்கு முன் நிய்யத் (தொழுவதற்கான எண்ணத்தை மனத்தில் உறுதிசெய்வது) வைக்கும் தமிழ் முஸ்லிம் அண்டை வீட்டாரையும், சூலை மாதத்தில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றும் தோழிகளையும் பார்த்து வளர்ந்தவள் நான். உள்ளத்தைச் சீர்செய்த பிறகே வாயைத் திறக்க வேண்டும் என்பதில் எங்களுக்குள் வாதம் எழுந்ததில்லை.

13. எல்லாம் ஈசன் செயல்னா, நான் எப்படி நினைச்சா என்ன, எப்படிப் பேசினா என்ன? நடக்கிறதுதானே நடக்கும்?

வயதில் மூத்த ஐயா ஒருவர் இதை வாதத்துக்காகக் கேட்டார், ஆனால் இளைஞர்கள் மெய்யாகவே நம்பிக் கேட்கிறார்கள். "தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்" என்ற 619-ஆம் குறள், தெய்வம் கைகொடுக்காத இடத்திலும் உடல் வருந்திய அளவுக்குக் கூலி உண்டு என்று உறுதி சொல்கிறது. இறைவன் செயலையும் மனித முயற்சியையும் எதிரெதிராக நிறுத்தினால், பூசலார் உறக்கமின்றி அடிநிலை இட்டதற்குப் பொருளே இல்லாமல் போகும்.

எல்லாம் ஈசன் செயல் என்பதை எப்போது சொல்கிறோம் என்பதைக் கவனியுங்கள். செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகு சொன்னால் அது அமைதி தரும், அடுத்தவரைக் குறைசொல்லும் வாயை அடக்கும். செய்வதற்கு முன்பே சொன்னால் அது சோம்பலுக்குப் போர்த்திய பட்டு. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கும் வீடுகளில் இந்தச் சொல் எவ்வளவு வசதியாகப் பயன்படுகிறது என்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

14. இன்னைக்கு ராத்திரி எங்க அண்ணன்கிட்ட அம்மா வீட்டு விஷயமாப் பேசணும். ரெண்டு வருஷமா முகம் பார்த்துப் பேசல. நான் என்ன செய்யட்டும்?

இன்று மாலை ஒரு தாளை எடுத்து, அண்ணனைப் பற்றி உங்கள் மனம் சொல்லிக்கொண்டிருக்கும் கதையை எழுதுங்கள். பிறகு அதில் நீங்கள் கண்ணால் கண்டவற்றை மட்டும் அடிக்கோடிடுங்கள். மூன்றாம் பதிலில் அந்தத் தாய் செய்ததும் இதுவே. மிச்சமெல்லாம் ஊகம். அடுத்து, அண்ணன் பக்கத்தில் இருக்கக்கூடிய மிகச் சிறந்த நியாயம் ஒன்றை நான்காம் பதிலில் சொன்னபடி அவருக்காக நீங்களே எழுதுங்கள். அம்மாவின் மருந்துச் செலவை இத்தனை நாளும் யார் பார்த்தது என்ற கேள்வி அங்கே வரக்கூடும், வந்தால் அதை விட்டுவிடாதீர்கள்.

கிளம்புமுன் விளக்கேற்றித் திருநீறு பூசிக்கொள்ளுங்கள். வீடு எனக்கே கிடைக்க வேண்டும் என்று வேண்டாமல், இன்று நான் பேசப்போகும் முதல் வாக்கியம் நேர்மையாக வர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். அந்த முதல் வாக்கியம் வீட்டைப் பற்றி இல்லாமல் அவரைப் பற்றிய கேள்வியாக இருக்கட்டும். பதில் உங்களுக்குத் தெரியாத கேள்வி. நடுவில் எங்காவது, நான் சொல்ல வந்தது அவருக்கு எப்படிப் பட்டது என்று ஐந்தாம் பதிலில் உள்ளபடி கேட்டுவிடுங்கள்.

திரும்பி வந்ததும் அவர் உண்மையில் சொன்ன சொற்களை எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு நாளில் உங்கள் மனம் அவற்றை மாற்றிவிடும். வீட்டுப் பத்திரத்தையும் வங்கிக் கடிதங்களையும் இன்று எடுத்துச் செல்லவேண்டாம். அவரே கேட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன் என்று சொல்லி, வருவதற்கு ஒரு நேரத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.